நாலு மையம், ஒரே இருப்பு

உங்களிடம் பேச என்னைக் கூப்பிட்டவர்கள் தலைப்பையும் கொடுத்துவிட்டார்கள்: ஜாவாஸ்கிரிப்டில் பிரைவேட் உறுப்புகளும் ப்ரோட்டோடைப் வழி மரபுரிமையும். அதன் விதிகளை நீங்கள் ஒரு மத்தியானத்தில் படித்து முடித்துவிடலாம். அதற்கு ஓய்வு பெற்ற ஒருத்தி வந்து மைக் பிடிக்க வேண்டியதில்லை. அந்த விதிகளில் ஒன்று யார் கண்ணிலும் படாமல் பிசகியிருந்த ஒரு நாளில், ஒரு மனிதருக்கு மூச்சு அடங்கிக்கொண்டே வந்ததை நான் ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டு நின்றேன். அதைத்தான் சொல்லப் போகிறேன். விதிகள் நடுவில் தானாக வரும்.

ஓசூரிலும் பெங்களூரிலும் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, கடைசிக் காலத்தில் தருமபுரியிலேயே ஒரு சின்ன நிறுவனத்தில் குழுத் தலைவியாக இருந்தேன். மலைக் கிராமங்களுக்கு ஆம்புலன்ஸ் ஓட்டும் ஓர் அறக்கட்டளை எங்களிடம் ஒரு வேலை கொடுத்தது. அவர்களுக்கு நாலு முதலுதவி மையங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு ஃப்ரிட்ஜ். பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்து அந்த ஃப்ரிட்ஜில் இருக்கும். சில நேரம் தீர்ந்தும் போயிருக்கும். எந்த மையத்தில் எத்தனை பாட்டில் இருக்கிறது என்பது கன்ட்ரோல் ரூம் சுவரில் இருக்கும் திரையிலும், ஆம்புலன்ஸில் போகிறவர்களின் ஃபோனிலும் தெரிய வேண்டும். மருந்து வரும்போதும் செலவாகும்போதும் அந்தந்த மைய நர்ஸ் எண்ணைத் தன் ஃபோனில் எழுதுவார். அவர்கள் கேட்டது அவ்வளவுதான்.

எழுதியவள் நந்தினி. மாரண்டஹள்ளியிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருவாள். எங்கள் குழுவில் அவள் எழுதும் கோடிங்தான் படிக்கச் சுகமாக இருக்கும். முதல் வடிவத்தில் இருப்பு எண்ணை வெளிப்படையாக வைத்திருந்தோம். திரையில் காட்டுவதற்காக இன்னொருவர் எழுதிய பகுதி அந்த எண்ணைத் தெரியாமல் மாற்றிவிட்டது. அதனால் நந்தினி எண்ணை ஒரு ஃபங்ஷனுக்குள் ஒளித்து வைத்தாள். ‘எழுது’, ‘சொல்’ என்று இரண்டு மெத்தட். எண்ணைத் தொட வேண்டுமென்றால் அவை வழியாகத்தான் போக வேண்டும். இப்படி ஒரு மையத்துக்கான மாதிரி ஆப்ஜெக்டைச் செய்து, அதையே தாயாக வைத்து, அதிலிருந்து நாலு மையங்களையும் பிறக்க வைத்தாள். கேட்டால் நீங்களும் நல்ல யோசனை என்றுதான் சொல்வீர்கள்.

வேலை நடப்புக்கு வந்த முதல் வாரம். பணியாளர்களுக்குப் பழக்கிவிட நானும் நந்தினியும் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருந்தோம். அங்கே பொறுப்பில் இருந்தவர் மஞ்சுளா. வண்டியை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்கிறவர் அவர்தான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்தபோது அழைப்பு வந்தது.

சித்தேரி மலையில் ஒரு கிராமம். சடையன் என்பவர் மரத்தடியில் புளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது கையில் பாம்பு கொத்திவிட்டது. அவர் மனைவி பாம்பைப் பார்த்திருக்கிறார்; படம் எடுத்ததாம். பக்கத்திலேயே இருந்த எங்கள் வண்டி அவரை ஏற்றிக்கொண்டு இறங்க ஆரம்பித்துவிட்டது. வண்டியிலிருந்த நர்ஸ் சுமதியின் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

“அக்கா, இமை எறங்குதுக்கா. கண்ணைத் தொறக்கச் சொன்னா தொறக்க முடியல. பேச்சும் கொழறுது.”

மஞ்சுளா திரையைப் பார்த்தார். “அடிவார மையத்துக்குப் போங்க சுமதி. எட்டு பாட்டில் இருக்குது. நான் அங்க சொல்லிடறேன்.”

“சரிக்கா.”

மலையிலிருந்து இறங்கினால் ஒரு கூட்டுரோடு வரும். இடது பக்கம் திரும்பினால் கொஞ்ச தூரத்திலேயே அடிவார மையம். வலது பக்கம் போனால் நெடுஞ்சாலை ஓரத்தில் இன்னொன்று. சாலை மையம் என்போம். அது வெகு தூரம். அதனால் மஞ்சுளா சொன்னது சரியான முடிவு, திரை சரியாக இருந்தால்.

நானும் திரையைப் பார்த்தேன். அடிவார மையம், எட்டு. சாலை மையம், எட்டு. டவுன் மையம், எட்டு. நாலாவதும் எட்டு.

நந்தினியிடம் மெதுவாகக் கேட்டேன். “ஏன் எல்லாம் ஒரே மாதிரி இருக்கு?”

“ஆரம்பத்துல எல்லாருக்கும் சமமாத்தான் குடுத்தாங்க மேடம். அதனால இருக்கும்.”

அது காதில் விழுந்த மஞ்சுளா திரும்பாமலே சொன்னார். “அது எப்பிடீங்க? நேத்துத்தான அடிவாரத்துல ஒரு பொண்ணுக்கு மருந்து ஏத்துனாங்க? குறைஞ்சிருக்கணுமில்ல? ஒருவேளை புதுசா வந்துருக்கும்.”

நந்தினியின் முகம் மாறியதைப் பார்த்தேன். எங்கே தவறு என்று எனக்குத் தெரியாது. தவறு இருக்கிறதா என்பதே தெரியாது. மஞ்சுளா சொன்னதுபோல் புது மருந்து வந்து, தற்செயலாக எட்டாக ஆகியிருக்கலாம். அடிவாரத்துக்கு ஃபோன் போட்டார் மஞ்சுளா. தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி போட்டார். அதே பதில். அந்தப் பக்கம் டவர் வரும், போகும். அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

நந்தினி என் கையைப் பிடித்தாள். “மேடம், ரெண்டே நிமிஷம் குடுங்க. கோடிங்கைப் பார்த்துட்டு உறுதியாச் சொல்லிடறேன். இப்பவே சொல்லிட்டு, அப்புறம் எல்லாம் சரியா இருந்துச்சுன்னா? மொத வாரம் மேடம் இது.”

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. புது மென்பொருளின் மேல் ஒருமுறை சந்தேகம் விழுந்தால் அப்புறம் யாரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அறக்கட்டளை மேலாளர் பக்கத்து அறையில் இருந்தார். உறுதி இல்லாமல் வாயைத் திறக்காதே என்றுதான் இந்தத் தொழில் நமக்குப் பழக்கியிருக்கிறது. சாதாரண நாட்களில் அது நல்ல பழக்கம்.

ஆனால் மலைப்பாதையில் ஒரு வண்டி இறங்கிக்கொண்டிருந்தது. அதில் இருந்தவர்கள் எங்கள் எண்ணை நம்பித்தான் இடது பக்கம் திரும்பப் போகிறார்கள்.

“மஞ்சுளா,” என்றேன். “இந்தத் திரை தப்பா இருக்கலாம். நாலு மையத்துக்கும் ஒரே எண்ணைக் காட்டுதோன்னு எனக்குச் சந்தேகம். எந்த எண்ணையும் நம்பாதீங்க.”

அவர் அப்படியே என்னைப் பார்த்தார். “என்னங்க மேடம் இது? இப்ப வந்து சொல்றீங்க?”

“இப்பத்தான் தெரிஞ்சுது.”

“அப்ப அடிவாரத்துல மருந்து இருக்குதா இல்லீங்களா?”

“தெரியாது.”

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு எவ்வளவு கூச்சமாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்லி விளங்க வைக்க முடியாது. தெரியாது என்று சொல்லவா இத்தனை மாதம் வேலை செய்தோம்?

மஞ்சுளா கோபத்தில் நேரத்தைக் கடத்தவில்லை. சாலை மையத்துக்குப் போட்டார். அங்கே எடுத்தார்கள். “ஃப்ரிட்ஜைத் தொறங்க. திரையைப் பார்த்துச் சொல்ல வேணாம். பாட்டிலைக் கையில எடுத்து எண்ணிச் சொல்லுங்க.” அந்த நர்ஸ் ஒவ்வொன்றாக எண்ணும் சத்தம் கேட்டது. எட்டு. காலையில்தான் புதுசு வந்ததாம். வந்ததும் ஃபோனில் எழுதினாராம்.

அதைக் கேட்டதும் எனக்கு ஏறக்குறைய விளங்கிவிட்டது. சாலை மையம் எழுதிய எண்தான் எல்லா மையத்துக்கும் தெரிகிறது. அப்படியானால் நேற்று ஏற்றியதோடு அடிவாரம் காலியாகியிருக்கும். ஆனால் ‘ஏறக்குறைய’ என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சுமதியின் குரல் வந்தது. “அக்கா, கூட்டுரோடு வரப்போவுது. மூச்சு மேலோட்டமா வருதுக்கா. மூச்சுப் பையை வெச்சு அழுத்திட்டிருக்கேன். எந்தப் பக்கம்?”

பின்னால் ஒரு பெண் குரல். சடையனின் மனைவியாக இருக்க வேண்டும். “கண்ணு தொறய்யா. இந்தா, என்னப் பாரு. என்னப் பாருன்றேன்.”

இடது பக்கம் போய், மருந்து இல்லையென்றால், திரும்பி வருவதற்குள் உயிர் போகும். வலது பக்கம் போனால் மருந்து நிச்சயம். அவ்வளவு தூரம் அவர் தாங்குவாரா என்பது நிச்சயமில்லை. மஞ்சுளாவின் விரல் மைக் பட்டன் மேல் இருந்தது.

நான் அந்த இடத்தில் மருத்துவம் தெரிந்தவள் இல்லை. ஆனால் சந்தேகத்தோடு வேலை செய்வது என் தொழில். ஒன்று தோன்றியது. எங்கள் சந்தேகம் சரியா தப்பா என்று முதலில் கண்டுபிடித்தாக வேண்டும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அது உண்மையிலேயே தேவையா?

“மஞ்சுளா, அடிவாரத்துல மருந்து இல்லைன்னே வெச்சுக்குவோம். வேற என்ன இருக்கு அங்க?”

“டாக்டர் இருக்காருங்க. ஆக்சிஜன் இருக்குது. மூச்சுக் குடுக்கற மிஷினும் இருக்குது.”

“அப்ப ஆளை அங்க கொண்டுபோகலாமே. மருந்தைச் சாலை மையத்துல இருந்து அங்க அனுப்பச் சொல்லலாமே. அங்க ஏற்கெனவே இருந்துச்சுன்னா ஒரு நஷ்டமும் இல்ல. இல்லாமப் போனாலும் மருந்து வந்துட்டிருக்கும்.”

அவருக்கு ஒரு நொடியில் புரிந்தது. சாலை மைய டாக்டரை லைனில் கூப்பிட்டு இரண்டே வாக்கியத்தில் சொன்னார். “செய்யுங்க,” என்றார் டாக்டர். “மூச்சை அவங்க பிடிச்சு வெக்கட்டும். மருந்தை நான் இப்பவே குடுத்தனுப்பறேன்.”

மஞ்சுளா பட்டனை அழுத்தினார். “சுமதி, இடது பக்கம். அடிவாரமே போங்க. அங்க மருந்து இல்லாமயும் இருக்கலாம். பயப்படாதீங்க, பின்னாலயே வருது. டாக்டர் கிட்ட மூச்சைப் பாக்கச் சொல்லுங்க.”

“இல்லாமயும் இருக்கலாமா?” சுமதியின் குரல் உடைந்தது. பிறகு, “சரிக்கா. திரும்பிட்டோம்.”

அதன் பிறகு காத்திருப்பு. நந்தினி மடிக்கணினியைத் திறந்து வேகமாக எதையோ தட்ட ஆரம்பித்தாள். எட்டிப் பார்த்தேன். திருத்தி, ஓடிக்கொண்டிருக்கும் சர்வரிலேயே ஏற்றப் பார்க்கிறாள்.

“கையை எடு,” என்றேன்.

“மேடம், எங்கன்னு தெரிஞ்சிருச்சு. ஒரே வரிதான்.”

“ஒரு வரியோ அரை வரியோ. இப்ப ஏத்துனா சர்வர் மறுபடி எழும்பும்போது என்ன காட்டும்? எல்லாத்துக்கும் பூஜ்யம் காட்டினா இன்னொரு வண்டி மருந்து இருக்கற மையத்தைத் தாண்டிப் போயிடும். இப்ப படி. தொடாதே.”

மஞ்சுளாவிடம் சொல்லி, வெளியே இருந்த மற்ற வண்டிகளுக்கெல்லாம் ஃபோன் போட வைத்தேன். ஃபோனில் தெரியும் எண்ணைப் பார்க்க வேண்டாம். மையத்தைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுப் போகவும். சுவரில் இருந்த திரையை அணைத்தேன். அணைத்ததும் அந்த அறையில் எல்லோருக்கும் தலை கொஞ்சம் தெளிந்ததுபோல் இருந்தது. தப்பான எண் கண் முன்னால் இருந்தால் தெரிந்தே அதை நம்பிவிடுவோம்.

நந்தினி கோடிங்கைக் காட்டி ரகசியம் பேசுவதுபோல் விளக்கினாள். இங்கேதான் உங்கள் தலைப்பு வருகிறது.

ப்ரோட்டோடைப் முறையில் பிள்ளை ஆப்ஜெக்ட் தாயின் மெத்தட்களை நகல் எடுத்துக்கொள்வதில்லை. தன்னிடம் இல்லாததைத் தாயிடம் போய்த் தேடும். மையத்தின் பெயர், ஃபோன் நம்பர் இவற்றை ஒவ்வொரு பிள்ளையிலும் தனியாக எழுதியிருந்தாள். அவை பிள்ளையின் சொந்தம். அதனால் திரையில் நாலு பெயர் சரியாகத் தெரிந்தது. ஆனால் ‘எழுது’, ‘சொல்’ இரண்டும் தாயிடம் இருந்தவை. அந்த மெத்தட்கள் பிறந்தபோது தங்களோடு பிடித்துக்கொண்ட ஒளித்து வைத்த எண் ஒன்றே ஒன்றுதான். எந்தப் பிள்ளை கூப்பிட்டாலும் அந்த ஓர் எண்ணில்தான் எழுதும், அதையேதான் சொல்லும். நேற்று அடிவாரம் பூஜ்யம் என்று எழுதியபோது நாலும் பூஜ்யமாகியிருக்கும். மற்ற நர்ஸ்கள் தங்கள் எண்ணை மறுபடி எழுதியிருப்பார்கள். கடைசியாக யார் எழுதினார்களோ அவர்களுடையதுதான் எல்லோருக்கும்.

“ஒளிச்சு வெச்சதுனாலதான் மேடம் தெரியல,” என்றாள். “வெளியில இருந்திருந்தா ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்திருப்போம். சோதனையும் ஒரு மையத்தை வெச்சுத்தான பண்ணோம். ஒண்ணை மட்டும் வெச்சுப் பார்த்தா இது சரியாத்தான் வரும்.”

அவள் சொல்லி முடிக்கும்போது ஸ்பீக்கர் உயிர் பெற்றது. சுமதி. “வந்து சேந்துட்டோம்க்கா. ஃப்ரிட்ஜு காலி. ஒண்ணுமே இல்ல. மூச்சு நின்னு போச்சு, டாக்டர் குழாய் வெச்சு மிஷின்ல போட்டுட்டாரு. நாடி இருக்குது. மருந்து எங்கக்கா?”

மருந்து தீர்த்தமலைக்குப் போகும் கூட்டத்தில் மாட்டியிருந்தது. அன்று கோயிலுக்குப் போகிறவர்களின் வேன்களும் பஸ்களும் ரோட்டை அடைத்திருந்தன. சாலை மையத்து மருந்தாளுநர் ஜீப்பில் கிளம்பியவர், பாதியில் அதை ஓரங்கட்டிவிட்டு, யாரோ ஒருவருடைய பைக்கில் பின்னால் ஏறி, ஐஸ் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். இடையில் ஒருமுறை ஃபோன் பண்ணினார். “ஓரமா ஓட்டிட்டுப் போறோம்ங்க. ஜனங்க வழி விடறாங்க.” பின்னால், “பாம்புக்கடி மருந்து, நவுருங்க, நவுருங்க” என்று பைக் ஓட்டியவர் கத்தும் குரல் கேட்டது. பிறகு லைன் போய்விட்டது.

அதன்பின் ஒரு தகவலும் இல்லை. மஞ்சுளா உட்காரவே இல்லை. நந்தினி மூடிய மடிக்கணினி மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள். மேலாளர் உள்ளே வந்து அணைந்த திரையைப் பார்த்துவிட்டு, “என்னாச்சு?” என்றார். “ஒரு ஆள் அடிவாரத்துல இருக்கார். அது முடியட்டும், எல்லாத்தையும் சொல்றேன்,” என்றேன். அவர் கதவோரமாகவே நின்றுகொண்டார்.

வெயில் சாய ஆரம்பித்த பிறகு சுமதி கூப்பிட்டாள். மருந்து வந்து ஏறிக்கொண்டிருக்கிறது என்றாள். அப்புறமும் வெகு நேரம் கழித்து இன்னொரு முறை கூப்பிட்டாள். அழுதுகொண்டே பேசினாள், அதனால் முதலில் எங்களுக்குப் புரியவில்லை.

“விரலை அசைக்கறாருக்கா. அவங்க வூட்டுக்காரம்மா கையைப் புடிச்சா அழுத்தறாரு.”

மஞ்சுளா அப்போதுதான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

மேலாளரிடம் நடந்ததைச் சொன்னேன். யார் எழுதினது என்று கேட்டார். “என்ன நடந்ததுன்னு கேளுங்க, சொல்றேன். அது உங்களுக்கு உபயோகப்படும்,” என்றேன். அவர் கோபப்பட்டார்; நியாயம்தான். சில நாட்கள் பழையபடி ஃபோனிலேயே கேட்டு ஓட்டினார்கள். சடையன் பத்திரமாக மலைக்குத் திரும்பினார். கொத்திய விரல் மட்டும் மடங்காமலே நின்றுவிட்டது என்று சுமதி பிறகு சொன்னாள்.

திருத்தும் வேலையில் ஒன்று நடந்தது. அதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம். நந்தினி இருப்பை ஹாஷ் குறி போட்டு மொழியே மறைத்துக் காக்கும் பிரைவேட் உறுப்பாக மாற்றினாள். ஆனால் பிள்ளைகளைப் பழைய முறையிலேயே தாய் ஆப்ஜெக்டிலிருந்து பிறக்க வைத்துவிட்டாள். ஓட்டியதும் முதல் மையத்திலேயே பிழை என்று கத்திக்கொண்டு நின்றது. ஏனென்றால் ஹாஷ் போட்ட உறுப்பு, ஒவ்வொரு ஆப்ஜெக்டையும் புதிதாகக் கட்டித் தரும் கன்ஸ்ட்ரக்டர் வழியாகப் பிறந்த ஆப்ஜெக்டில் மட்டும்தான் இருக்கும். ப்ரோட்டோடைப் சங்கிலி வழியாகப் பிள்ளைக்கு வராது. அது இல்லாத ஆப்ஜெக்ட் அந்த மெத்தடைக் கூப்பிட்டால் மொழியே தடுத்துவிடும். நந்தினி தலையில் கை வைத்தாள். எனக்கு மட்டும் சந்தோஷமாக இருந்தது. முன்னது வாயை மூடிக்கொண்டு தப்பான எண்ணைக் கொடுத்தது. இது என்னால் முடியாது என்று வாய்விட்டுச் சொல்கிறது. எழுதும்போது எந்த வகையைத் தேர்ந்தெடுப்பது என்று தடுமாறினால், கத்துகிற வகையை எடுங்கள். பிறகு அவள் ஒவ்வொரு மையத்தையும் கன்ஸ்ட்ரக்டர் வழியாகவே பிறக்க வைத்தாள். சோதனைக்கு நாலு மையத்திலும் வெவ்வேறு எண் எழுதி, ஒன்றை மாற்றிவிட்டு, மற்ற மூன்றையும் பார்த்தாள். இன்றைக்கு வேறு ஊரில் ஒரு குழுவை நடத்துகிறாள். மரபுரிமை வரும் எந்தக் கோடிங்குக்கும் அவள் எழுதும் முதல் சோதனை அதுதானாம்.

நடந்த அன்று ராத்திரி நானும் நந்தினியும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். பாலக்கோடு வழியாக அவள் ஊருக்குப் போகும் பஸ் நின்றிருந்தது. ஏறாமல் நின்றாள்.

“மேடம், ஒண்ணு கேக்கறேன். நான் கேட்ட ரெண்டு நிமிஷத்தை நீங்க குடுக்கல. ஒருவேளை திரை சரியா இருந்து, அடிவாரத்துல நெஜமாவே மருந்து இருந்திருந்தா? சும்மா சும்மா நம்ம வேலையை நாமளே கெடுத்திருப்போமில்ல?”

“ஆமா. கெடுத்திருப்போம்.”

“உங்களுக்கு அது பரவாயில்லீங்களா?”

“பரவாயில்லன்னு இல்ல நந்தினி. வெக்கமாத்தான் இருந்திருக்கும். மேலாளர் திட்டியிருப்பார், நீ என்கிட்ட ஒரு வாரம் பேசியிருக்க மாட்டே. அதையெல்லாம் நான் தூங்கி எழுந்தா தாங்கிக்குவேன். இன்னொண்ணைத் தாங்கியிருக்க மாட்டேன்.”

கண்டக்டர் விசில் ஊதினார். அவள் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பஸ் நகரும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உங்களில் யாருக்காவது ஒரு நாள் உங்கள் திரையின் மேல் சந்தேகம் வரும். அப்போது அதை நம்பி எங்கோ ஒருவர் திரும்பிக்கொண்டிருப்பார். கோடிங்கை அப்புறம் பாருங்கள். முதலில் அவரிடம் சொல்லுங்கள்.